கலைந்ததும் கலைத்ததும்

சாரல் நாட்டுச் சரித்திரம் – அத்தியாயம் 23

செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக எதெது போய் வந்தது, எதற்குச் சுங்கம், எது ஒளித்துக் கொண்டுபோகப்பட்டது என்றெல்லாம் பேசினோம். ஒன்றை மட்டும் பேசவில்லை. யாருக்கும் தெரியாமல் அடுத்த ஊருக்கோ அடுத்த நாட்டுக்கோ போய்த் திரும்பிய பெண்களின் பயணம் அது. எந்தச் சாவடிப் பதிவேட்டிலும் அதற்கு வரி இல்லை, வரிசை எண்ணும் இல்லை. வாசகர்களில் சிலருக்கு இந்தப் பொருள் சங்கடமாக இருக்கலாம். இதை விட்டுவிட்டால் ஊர்ச் சரித்திரத்தில் பாதி ஊர் விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வினைச்சொல்லிலிருந்து

நம் பக்கத்தில் ஒரு பெண் கருவுற்றால் ‘உண்டாயிருக்கா’ என்பார்கள். கரு நிலைக்காமல் போனால் ‘கலைஞ்சு போச்சு’ என்பார்கள். அவளே வேண்டாமென்று முடிவெடுத்து மருத்துவமனைக்குப் போய் வந்தாலும் வாசலுக்கு வெளியே சொல்லப்படுவது அதே ‘கலைஞ்சு போச்சு’தான். ‘கலைச்சேன்’ என்று ஒரு பெண் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூட இலக்கணம் நினைவிருப்பவர்களுக்கு வேறுபாடு தெரியும். கலைந்தது தன்வினை, தானாக நடந்தது. கலைத்தது பிறவினை, அதற்கு ஒருவர் வேண்டும். நம் பெண்கள் அந்த ஒருவராக நிற்க அஞ்சி, ஒரே ஒரு மெய்யெழுத்தை மாற்றிச் சொல்லிப் பல தலைமுறைகளைக் கடத்தியிருக்கிறார்கள். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது, சட்டத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதே இந்த அத்தியாயம்.

பழந்தமிழில் இது பேசப்படாத பொருளும் அல்ல. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கொடிய பாவங்களை அடுக்கும்போது, பெண்களின் கருவைச் சிதைத்தவர்களையும் சேர்க்கிறார். அவற்றுக்கெல்லாம்கூடக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்பது பாட்டின் போக்கு. அங்கே குற்றவாளி யார் என்று பாருங்கள். பெண்ணின் கருவை அழித்த இன்னொருவர். பெண் அங்கே தீங்குக்கு ஆளானவள். அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலையைப் பின்னாளில் வேறொரு சட்டம் செய்தது.

ஒரே வார்ப்பு

கல்கத்தாவில் மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837இல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை முடித்தது. கருக்கலைப்பைக் குற்றமாக்கும் பிரிவு அதிலேயே இருந்தது. அதை எழுதியவர்களுக்கே அந்தப் பிரிவின்மீது பயம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்த நாட்டில் இப்படி ஒரு சட்டம் மிக இழிவான காரியங்களுக்குப் பயன்படலாம், குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் புகார் ஒன்றே ஒரு குடும்பத்தின் மானத்தைக் கெடுத்துவிடும் என்று அவர்கள் தங்கள் குறிப்பில் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்த பிறகும் பிரிவை எடுக்கவில்லை.

அந்த வரைவு 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 312ஆம் பிரிவின்படி கருவைக் கலைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. கரு வயிற்றில் அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு ஆண்டு வரை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. பிரிவின் அடியில் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள்: தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவாள்.

அது சட்டமான அடுத்த ஆண்டு, 1861இல், பிரிட்டனின் உடல்தீங்குக் குற்றச் சட்டம் வந்தது. அயர்லாந்துக்கும் அதுதான் சட்டம். அங்கே தண்டனை ஆயுள் வரை போகும். 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டம் வந்தது; அதன் 303ஆம் பிரிவு நம் 312இன் உடன்பிறப்பு. இந்தியா, அயர்லாந்து, இலங்கை என்று கடலால் பிரிந்த மூன்று நாட்டுப் பெண்களை இருபத்தைந்து ஆண்டுக்குள் ஒரே சாம்ராஜ்யத்தின் சட்டக்காரர்கள் ஒரே வார்ப்பில் கட்டினார்கள். இரண்டு முடிச்சுகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விதமாக அவிழ்ந்தன. ஒன்று இன்னும் அவிழவில்லை.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு, தென்காசி வெள்ளைக்காரன் நாடு. எல்லை தாண்டினால் சட்டமும் மாறும் அல்லவா என்று தோன்றும். திருவிதாங்கூர் அரசும் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றித் தனக்கொரு தண்டனைச் சட்டம் செய்துகொண்டது. எல்லைக்கல்லைத் தாண்டி நடந்த பெண்ணுக்கு ஆள் அறியாத ஊர் என்ற ஒரு மறைவு கிடைத்திருக்கும். சட்டத்தின் நிழல் அங்கேயும் அதேதான்.

கைம்பெண்களின் காலம்

அன்று 312ஆம் பிரிவின் பாரம் அதிகமாக விழுந்தது இளம் விதவைகள்மீது. எட்டு, ஒன்பது வயதில் தாலி கட்டி, வயதுக்கு வருமுன் தாலியறுத்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். 1856ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்தை அனுமதித்திருந்தாலும் சாதிக்கட்டு அனுமதிக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்த ஓர் ஆணின் தப்பு அவள் வயிற்றில் தெரியும்போது அவளுக்கு இருந்தவை இரண்டே வழிகள்: ஊரைவிட்டுக் காசிக்கோ தூரத்து உறவினர் வீட்டுக்கோ அனுப்பப்படுவது, இல்லையென்றால் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி. அந்தக் குச்சியால் சீழ்பிடித்தும் உதிரப்போக்கிலும் செத்தவர்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை. ‘கிணத்தில் தவறி விழுந்துட்டா’, ‘காய்ச்சல் கண்டு போயிட்டா’ என்று அந்த மரணங்களும் தன்வினையாகவே முடிந்தன.

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற பிராமண விதவைக்கு, பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. பத்திரிகைகள் அன்று பெண்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி எழுதித் தள்ளின. அதற்கு மறுமொழியாக மராட்டியத்தில் தாராபாய் ஷிண்டே 1882இல் ‘ஸ்த்ரீ புருஷ் துலனா’ என்ற நூலை எழுதினார். தப்பு இருவரும் சேர்ந்து செய்ததென்றால் தண்டனை ஒருத்திக்கு மட்டும் ஏன் என்பது அவர் கேள்வி. அதற்கு முன்பே, 1863இல், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் தங்கள் வீட்டை இத்தகைய பெண்கள் ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளும் இடமாக ஆக்கியிருந்தார்கள். பெண்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வந்தார்கள். ஊர்விட்டு ஊர் போன அந்தப் பயணத்தின் முடிவில் அபூர்வமாக ஒரு கதவு திறந்திருந்தது.

நம் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்ற நாவலை வெளியிட்டார். இளம் வயதில் விதவையான ஒரு பிராமணப் பெண், தன் கதையை ‘நான்’ என்று தானே சொல்கிறாள். எழுதியவர் ஆண்தான். ஆனாலும் அந்தப் பெண்ணை வாக்கியத்தின் எழுவாயாக உட்கார வைத்தது அன்றைக்குப் பெரிய காரியம்.

திருவனந்தபுரத்தில் ஒரு மாநாடு

1935 டிசம்பர் கடைசியில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு திருவனந்தபுரத்தில் கூடியது. தலைமை வகித்தவர் மகாராணி சேது பார்வதி பாய். செங்கோட்டைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் அப்போதைய தலைநகரம். அமெரிக்காவிலிருந்து கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கர் வந்திருந்தார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர் வார்தாவில் காந்தியைச் சந்தித்து, கருத்தடைச் சாதனங்களைப் பற்றி வாதம் செய்து, அவரை அசைக்க முடியாமல் திரும்பியிருந்தார். திருவனந்தபுரத்தில் கருத்தடைத் தீர்மானத்தைக் கத்தோலிக்கப் பெண் பிரதிநிதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. அங்கே பேசப்பட்டது கருத்தடை. கருக்கலைப்பை வெளிப்படையாக ஆதரிக்க அன்று மேடை ஏறியவர் யாருமில்லை. என்றாலும் பிள்ளை வேண்டும், வேண்டாம் என்பதைப் பெண்கள் ஒரு பொது மண்டபத்தில் உட்கார்ந்து வாக்களித்துப் பேசியது கணவாய்க்கு அந்தப் பக்கத்தில், நம் கூப்பிடு தூரத்தில் நடந்தது.

கணவாய்க்கு இந்தப் பக்கத்தில் அதே பேச்சைப் பெரியார் ‘குடிஅரசு’ வழியாக வேறொரு தளத்துக்குக் கொண்டுபோயிருந்தார். தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று நாம் சொல்கிறோம் என்பது அவர் நிலை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. இந்த இரண்டு காரணங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுக்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டம் செய்தபோது எடுத்துக்கொண்டது முதல் காரணத்தை.

1971

1964இல் மத்திய அரசு, மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் கருக்கலைப்பைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1966 இறுதியில் அறிக்கை வந்தது. உயிரோடு பிறக்கும் 73 குழந்தைகளுக்கு 25 கருக்கள் கலைகின்றன, அவற்றில் 15 வேண்டுமென்றே கலைக்கப்படுபவை என்பது குழுவின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 39 லட்சம் கருக்கலைப்புகள். அத்தனையும் 312ஆம் பிரிவு அமலில் இருந்த நாட்டில்.

இன்னொன்றும் தெரிந்தது. இப்படிப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மணமான பெண்கள். கர்ப்பத்தை ஊருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். மூன்றாவதோ நான்காவதோ பிள்ளையைத் தாங்க உடம்பிலும் உலையிலும் சக்தி இல்லாதவர்கள். வழிதவறியவள்தான் கருவைக் கலைப்பாள் என்று ஊர் நம்பியிருந்த கதை அந்த அறிக்கையின் முன்னால் நிற்க முடியவில்லை.

அதற்குள் 1967இல் பிரிட்டன் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. சென்னையில் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்திவந்த டாக்டர் எஸ். சந்திரசேகர் அதே ஆண்டில் மத்தியக் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சரானார். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்க முன்னின்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1971 ஆகஸ்டில் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு மருத்துவரும், இருபது வாரம் வரை இரண்டு மருத்துவர்களும் கருத்துச் சொன்னால் போதும். தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கடும் பாதிப்பு, கருவில் கடுமையான குறை, பாலியல் வன்முறை, மணமானவர்களுக்குக் கருத்தடை தவறிப்போனது ஆகியவை காரணங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பு இருந்தது. தெருவில் பெரிய போராட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்று ரோ வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்பே இந்தியா இதைச் செய்து முடித்துவிட்டது. இதைப் பெருமையோடு சொல்லலாம். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் வாக்கியங்களில் எழுவாயாக நிற்பவர் பதிவுபெற்ற மருத்துவர். கருத்துக் கொள்பவர் அவர், கலைப்பவர் அவர், நல்லெண்ணத்தோடு செய்தால் பாதுகாக்கப்படுபவரும் அவர். பெண் சம்மதம் தருகிறாள். எனக்கு வேண்டாம் என்று அவள் சொல்வது மட்டும் அங்கே போதுமான காரணம் ஆகவில்லை. 312ஆம் பிரிவும் போகவில்லை. அதற்கு ஒரு விதிவிலக்குத்தான் பிறந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே பிரிவு 88ஆம் எண்ணோடு இருக்கிறது.

கப்பலேறிய பெண்கள்

1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுண்ட அயர்லாந்து நேர் எதிர்த் திசையில் போனது. 1983இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, பிறவாத உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. எட்டாவது திருத்தம் என்று அதற்குப் பெயர். அதனால் அயர்லாந்தில் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை; இடம் மாறியது. பெண்கள் இரவுக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள். 2001ஆம் ஆண்டில் மட்டும் 6,673 பேர். 1980க்குப் பிறகு இங்கிலாந்து மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்தவர்கள் 1,70,000க்கு மேல். வேறு முகவரி கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ‘இங்கிலாந்துக்குப் போயிட்டு வந்தா’ என்ற பேச்சுக்கு அங்கே என்ன பொருளோ, அதுதான் நம் ஊர் ‘கலைஞ்சு போச்சு’க்கும்.

1992இல் ஒரு 14 வயதுச் சிறுமி. அறிமுகமான ஒருவனால் பாழாக்கப்பட்டுக் கருவுற்றவள். பெற்றோர் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். குற்றவாளியைப் பிடிக்க உதவுமே என்று, கலைத்த கருவிலிருந்து சான்று எடுக்கலாமா என்று காவல்துறையிடம் நேர்மையாகக் கேட்டார்கள். அந்த நேர்மைதான் அவர்களைச் சிக்கவைத்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார்; ஒன்பது மாதம் அந்தச் சிறுமி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாடே சிறை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்த நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், இந்தக் காரணத்துக்காக வெளிநாடு போவதைத் தடுக்கக் கூடாது என்ற திருத்தம் வென்றது. உள்ளூரில் கூடாது, வெளியூர் போனால் தடுக்கமாட்டோம் என்று ஒரு நாடு தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. அந்தச் சிறுமியை உலகம் ‘எக்ஸ்’ என்ற எழுத்தால் மட்டுமே அறியும்.

கப்பலேற முடியாதவர்களும் இருந்தார்கள். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து அயர்லாந்துக்குப் போய் வாழ்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், வயது 31. 2012 அக்டோபரில் பதினேழு வாரக் கரு கலையத் தொடங்கி, கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகு கலைத்துவிடுமாறு கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுக்கப்பட்டது. ரத்தத்தில் நச்சுப் பரவி அக்டோபர் 28 அன்று இறந்தார். அவர் தன் ஊரிலேயே இருந்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கைகொடுத்திருக்கும். கலைந்துகொண்டிருந்த கருவைக் கலைக்க மறுத்து ஒரு தாயைக் கொன்ற சட்டம் எத்தகையது என்று அயர்லாந்து தன்னைத்தானே கேட்கத் தொடங்கியது.

2018 மே 25. எட்டாவது திருத்தத்தை நீக்கலாமா என்ற வாக்கெடுப்பு. அயல்நாடுகளில் வேலை பார்த்த இளம் அயர்லாந்துக்காரர்கள் விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பி வாக்களித்தார்கள். டப்ளினில் சவிதாவின் முகம் தீட்டிய சுவரில் மக்கள் சிறு தாள்களில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். 66.4 விழுக்காட்டினர் நீக்கச் சொன்னார்கள். அவர்களுடைய தாய்மாரும் அக்காமாரும் வாய்மூடிப் போன அதே கடல்வழியில் பிள்ளைகள் வாக்குச்சீட்டுக்காகத் திரும்பி வந்தார்கள்.

இலங்கையின் முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. 1995இல் தளர்த்த முயன்று, எதிர்ப்பால் கைவிட்டார்கள். 2017இல் வன்புணர்வுக்கும் கருவின் தீராக் குறைக்கும் மட்டும் விலக்குத் தர அமைச்சரவை ஒப்பியது. மதத் தலைவர்களின் எதிர்ப்பில் அதுவும் நின்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத் தோட்டத்து லயங்களிலும் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு 1883தான் இன்றைய சட்டம். கடவுச்சீட்டும் காசும் உள்ளவள் விமானம் ஏறலாம். கொழுந்து பறிப்பவள் எங்கே போவாள்?

ஸ்கேன் பலகை

இந்தியாவில் 1971க்குப் பிறகு பயணம் நின்றுவிட்டதா? இல்லை. கடலைத் தாண்ட வேண்டாம், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதே பெரிதாக இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கருவைக் கலைக்கப் போன ஏழைப் பெண்ணிடம், ‘ஆபரேசன் பண்ணிக்கிறியா? அப்பத்தான் பார்ப்போம்’ என்று நிபந்தனை வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. மக்கள்தொகையைக் குறைக்கும் நோக்கத்தோடு பிறந்த சட்டம் தன் கணக்கைப் பெண்ணின் உடம்பில் பார்த்துக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் வெளியே தெரிந்து தமிழகமே தலைகுனிந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவிலேயே பெண்ணென்று பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. தேவையான சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன்பின் ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் ஒரு பலகை தொங்கியது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். காத்திருக்கும் பெண்கள் அந்தப் பலகையில் ‘கரு’, ‘குற்றம்’ என்ற இரண்டு சொற்களைத்தான் மனத்தில் கொண்டுபோனார்கள். கருக்கலைப்பே குற்றம் என்ற எண்ணம் ஊரில் வேரோடியது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அப்படி ஒரு பலகை எந்த வாசலிலும் நான் பார்த்ததில்லை.

அதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் தமிழகம் உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சட்டம் அனுமதித்த காரியத்தைப் பெண்கள் சட்டத்தின் வாசலுக்குப் போகாமலே முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு ‘எக்ஸ்’கள்

2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், பதினெட்டு வயதுக்குட்பட்டவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி முதலியவர்களுக்கு இருபத்துநான்கு வாரம் வரை. கருவில் கடுங்குறை இருந்து மருத்துவக் குழு ஒப்பினால் வார வரம்பே இல்லை. ‘மணமான பெண் அல்லது அவள் கணவன்’ என்ற சொற்கள் ‘பெண் அல்லது அவள் துணைவர்’ என்று மாறின.

மறு ஆண்டு மணமாகாத 25 வயதுப் பெண் ஒருவர், கைவிட்டுப்போன காதலனால் உண்டான கருவோடு டெல்லி உயர் நீதிமன்றம் போனார். மணமாகாதவருக்கு இருபது வாரத்துக்கு மேல் விதியில் இடமில்லை என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் ஜூலையிலேயே அனுமதித்து, 2022 செப்டம்பர் 29 அன்று விரிவான தீர்ப்பைத் தந்தது. டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பார்திவாலா ஆகிய மூவர் அமர்வு. மணமானவள், ஆகாதவள் என்ற பாகுபாடு செல்லாது. கணவனின் வன்புணர்வால் உண்டான கருவும் இந்தச் சட்டத்தின் நோக்கில் வன்முறையால் உண்டான கருவே. சிறுமி வந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரும்போது, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிட வேண்டியதில்லை. இந்த வழக்கிலும் அந்தப் பெண்ணின் பெயர் ‘எக்ஸ்’தான். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே எழுத்தின் பின்னால் மறைந்து நின்ற இரண்டு பெண்கள், பெயர் சொல்லாமலே இரண்டு நாடுகளின் சட்டத்தை நகர்த்தினார்கள்.

அதே 2022 ஜூனில் அமெரிக்கா ரோ தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. இன்று டெக்சாஸ் பெண்கள் மாநில எல்லை தாண்டுகிறார்கள். திறந்த கதவு திறந்தபடியே இருக்கும் என்று எந்த நாடும் உத்தரவாதம் தரவில்லை.

தென்காசியிலிருந்து

இனி நம் ஊருக்கு வருவோம். இருபத்துநான்கு வாரம் தாண்டியபின் வன்முறையை வீட்டில் சொல்லத் துணிந்த ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். தென்காசி, கடையநல்லூர், வடகரை எந்த ஊராகவும் இருக்கட்டும். அவளை அழைத்துக்கொண்டு தாய் போக வேண்டிய இடம் மதுரை, உயர் நீதிமன்றக் கிளை. சுமார் 160 கிலோமீட்டர். மனு, மருத்துவக் குழுவின் அறிக்கை, வாய்தா என்று நகரும் ஒவ்வொரு நாளும் கருவும் வளர்கிறது. 2017இல் சண்டிகரில் 10 வயதுச் சிறுமியின் மனு உச்ச நீதிமன்றம் வரை போய், காலம் கடந்துவிட்டது என்று மறுக்கப்பட்டதும் அந்தக் குழந்தை ஒரு குழந்தையைப் பெற நேர்ந்ததும் நாடறிந்த செய்தி.

இவ்வளவு சிக்கல் இல்லாத, எட்டு வாரம், பத்து வாரத்தில் வரும் பெண்கள்தான் மிகப் பெரும்பாலோர். அவர்களும் பயணம் போகிறார்கள். உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் இருப்பார் என்று திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. அது கூட்டமான இடம், அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆள் அறியாத ஊரைத் தேடும் அந்தக் கணக்கைத்தான், திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி நடந்தவளும் அன்று போட்டிருப்பாள்.

ஆகவே, சட்டம் இன்று தருவதை இந்தப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் ஒருத்தியின் சம்மதம் போதும். கணவனின் கையெழுத்தும் மாமியாரின் கையெழுத்தும் சட்டத்தில் கிடையாது; கேட்டால், அது சட்டம் கேட்பதல்ல. அவளுடைய பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவருக்கு அன்றி வேறு எவருக்கும் சொன்னால் ஓராண்டு வரை சிறை. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்ற நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசு மருத்துவமனைகள் இந்தச் சேவைக்குச் சட்டம் குறித்திருக்கும் இடங்கள்.

கருவைக் கலைப்பது எந்தப் பெண்ணுக்கும் இலேசான காரியம் அல்ல. சமய நம்பிக்கையால் அதை ஏற்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். அவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். நூற்றறுபது ஆண்டாக மூன்று நாடுகளில் இந்தச் சட்டம் நடந்த விதத்தைப் பாருங்கள். எந்தத் தண்டனையும் பெண்களை நிறுத்தவில்லை. தூரத்துக்கு அனுப்பியது, தாமதப்படுத்தியது, சிலரைக் கொன்றது. அதற்குப் பதிலாக அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, என்ன வேண்டும் உனக்கு என்று கேட்கும் ஊராக நம் ஊர் ஆகக்கூடாதா?

சட்டம் ‘கலைத்தல்’ என்ற அந்த வினைச்சொல்லை முதலில் குற்றவாளிக்குத் தந்தது, பிறகு மருத்துவருக்குத் தந்தது. 2022 தீர்ப்பு அதைப் பெண்ணின் கைக்கு ஓரளவு கொண்டுவந்திருக்கிறது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் தலையை முக்காடிட்டு முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. திரும்பி வந்ததும் அவள் ‘கலைஞ்சு போச்சு’ என்றுதான் சொல்லப்போகிறாள். அப்படிச் சொல்வது அவள் விருப்பமாக இருந்தால் சரி. பயமாக இருந்தால், இந்த அத்தியாயம் இன்னும் முடியவில்லை.

(அடுத்த அத்தியாயத்தில்: 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை)